பராபவ வருஷத்துக் கல்யாணம்: மலையகத்தில் பழைய பாணித் திருமணத்தைத் திட்டமிடுவது எப்படி?

ஹட்டனுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் பிறந்து, இப்போது கொழும்பில் வேலை பார்க்கும் ஒரு பெண் கேட்டிருக்கும் கேள்வி இது. 2027 தை மாதத்தில் அவருக்குத் திருமணம். அதை ‘விண்டேஜ்’ பாணியில், பழைய தேயிலைத் தோட்டப் பங்களா ஒன்றில், இருநூறு பேர் அளவில் நடத்த அவர் விரும்புகிறார். அவருடைய அம்மாயியும் தாத்தாவும் 1967 தை மாதத்தில் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மணம் முடித்தவர்கள். அந்தக் கல்யாணத்தின் ஒரு புகைப்படம், ஒரு பட்டுச் சேலை, ஒரு மொய் நோட்டு ஆகியவை இன்னும் வீட்டில் இருக்கின்றன. தாத்தா காலமாகிவிட்டார். எங்கிருந்து தொடங்குவது, எதற்குச் செலவழிப்பது, எதை விட்டுவிடுவது என்று கேட்கிறார்.

முதலில் நீங்கள் கவனிக்காமல் விட்டிருக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். நம் வருஷப் பெயர்கள் அறுபது ஆண்டுகளுக்கு ஒரு முறை திரும்பி வருபவை. 1966 சித்திரையில் பிறந்து 1967 பங்குனியில் முடிந்த வருஷத்தின் பெயர் பராபவ. 2026 சித்திரையில் பிறந்து 2027 பங்குனியில் முடியும் வருஷத்தின் பெயரும் பராபவ. ஆகவே உங்கள் அம்மாயியின் கழுத்தில் தாலி ஏறிய அதே பெயருடைய வருஷத்தில், அதே தை மாதத்தில் உங்களுக்கும் தாலி ஏறப்போகிறது. பழைய அழைப்பிதழில் ‘நிகழும் மங்களகரமான பராபவ வருஷம் தை மாதம்’ என்று அச்சிட்டிருந்தால், அந்த வரியை ஓர் எழுத்தும் மாற்றாமல் உங்கள் அழைப்பிதழில் இடலாம். எந்த அலங்காரக்காரரும் விலைக்கு வாங்கித் தர முடியாத பழமை உங்கள் கையில் இருக்கிறது. திட்டம் முழுவதையும் அதிலிருந்தே கட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மலையகத்தில் ‘விண்டேஜ்’ என்றவுடன் இன்று எல்லோரும் காட்டுவது துரைமாரின், அதாவது வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள், அதிகாரிகளின் உலகத்தை. நுவரெலியாவில் 1876இல் தொடங்கிய ஹில் கிளப், ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் மாளிகையாக இருந்து பின்னர் விரிந்த கிராண்ட் ஹோட்டல், செங்கல் சுவரும் கோபுரமுமாக நிற்கும் தபால் நிலையம், ஹப்புத்தளையில் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டி இப்போது துறவிகள் மடமாக இருக்கும் அடிஷாம், கந்தப்பளையில் ஹோட்டலாக மாறிய பழைய தேயிலை ஸ்டோர் (தொழிற்சாலை) என்று பட்டியல் நீளும். இவை அழகானவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அழகு உங்கள் குடும்பத்தின் பழமை அன்று. 1967இல் உங்கள் தாத்தா ஒரு பங்களாவுக்குப் போயிருந்தால், தோட்டத்து வேலையாகவோ மனுக் கொடுக்கவோ போயிருப்பார். விருந்தாளியாகப் போயிருக்க மாட்டார். அந்த முன்வாசலில் நீங்கள் மணப்பெண்ணாக நிற்பதை ஒரு வெற்றியாகக் கருதினால், அதுவும் நியாயமான எண்ணமே; அப்படி எண்ணி நடத்திய குடும்பங்களை நான் மதிக்கிறேன். ஆனால் நோக்கம் தெரியாமல், பளிங்குக் குவளையும் வெள்ளை லேஸ் துணியும் வாடகைக்கு எடுத்து வைத்துவிட்டு அதைப் பழைய காலத்துக் கல்யாணம் என்று சொன்னால், படத்தைப் பார்க்கும் உங்கள் பிள்ளைகள் தங்கள் பூட்டனும் பூட்டியும் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைத் தவறாக விளங்கிக்கொள்வார்கள்.

ஆகவே என் ஆலோசனை இது. முகூர்த்தத்தைத் தோட்டத்துக் கோயிலில், அம்மாயிக்கு நடந்த இடத்திலேயே வையுங்கள். மாலை வரவேற்பு வேண்டுமானால் பங்களாவிலோ நகரத்து மண்டபத்திலோ நடக்கட்டும். கோயிலுக்குத் தோட்ட நிர்வாகத்திடமும் கோயில் கமிட்டியிடமும் எழுத்தில் அனுமதி பெறுங்கள். வாகனங்கள் எங்கே நிற்கும், முதியவர்கள் படியேறாமல் வர வழி உண்டா, கழிவறை வசதி என்ன என்ற மூன்றையும் நேரில் போய்ப் பாருங்கள். இடத்தைப் பற்றிய சிக்கல்களில் பெரும்பகுதி இந்த மூன்றில்தான் வரும்.

பழைய பாணி என்று பொதுவாகச் சொல்வதைவிட, ஒரு காலத்தையும் ஓர் இடத்தையும் குறித்துக்கொள்வது எல்லாத் தெரிவுகளையும் எளிதாக்கிவிடும். உங்களுக்கு அது 1967, ஹட்டன் பக்கத்துத் தோட்டம். அந்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். லயத்துக் காம்பராக்களில் (தொழிலாளரின் வரிசை வீடுகளில்) மின்சாரம் இல்லை; கல்யாண வீட்டுக்கு பெட்ரோமாக்ஸ் விளக்கு வரும். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைத் தமிழகமும் காது கொடுத்துக் கேட்ட காலம். சனி, ஞாயிறு விடுமுறையை நீக்கி, பௌத்தர்களின் நோன்பு நாட்களான போயா நாட்களை ஒட்டி வார விடுமுறையை அமைத்த முறை 1966 முதல் 1971 வரை நடைமுறையில் இருந்தது. ஆகவே அக்காலத்து அழைப்பிதழில் கிழமை எதிர்பாராததாக இருந்தால் அதை அச்சுப்பிழை என்று எண்ண வேண்டாம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டம் வந்த ஆண்டும் 1967தான். நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று இரண்டு அரசுகள் முடிவு செய்திருந்தன. யார் எந்தப் பக்கம் என்பது தெரியாமலேயே பல வீடுகளில் பந்தக்கால் நட்டார்கள். அந்தப் படத்தில் நிற்பவர்களின் முகத்தைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள்.

கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில், பழைய லயக் காம்பராக்களிலேயே அமைந்திருக்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் போய் வாருங்கள். எம்மக்கள் புழங்கிய பாத்திரங்களையும் கருவிகளையும் நகைகளையும் கண்ணால் பார்த்தபின், அலங்காரத்துக்கு எது பொருந்தும், எது ஒட்டாது என்பது தானாகவே விளங்கும்.

அடுத்து அம்மாயியிடம் உட்காருங்கள். கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, புகைப்படத்தைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். ‘கல்யாணம் எப்படி நடந்தது, அம்மாயி?’ என்று கேட்டால் ‘நல்லாத்தான் நடந்துச்சு’ என்ற ஒரே வரியில் பதில் முடிந்துவிடும். அரிசி எங்கே வாங்கினார்கள், யார் சமைத்தார், பந்தக்கால் யார் நட்டது, தாய்மாமன் என்ன சீர் கொண்டு வந்தார், நலங்கு வைக்கும்போது யார் பாடினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் பேச்சு நிற்காது. நலங்குப் பாட்டை அவரையே பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அந்தப் பாட்டுகளில் பல ஏட்டில் ஏறாதவை, பாடியவரோடு போய்விடுபவை.

புகைப்படத்தை ஆல்பத்திலிருந்து பிய்த்து எடுக்க வேண்டாம். பக்கத்தோடு சேர்த்து, குறைந்தது 600 டிபிஐ அளவில் ஸ்கான் செய்யுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிப்போயிருந்தால் கண்ணாடியோடேயே படியெடுக்கலாம். நகத்தால் கிளப்பினால் முகம் கண்ணாடியோடு போய்விடும்.

இனி நாள். இதில் பழமையைவிட வானிலைக்கு முதலிடம் கொடுங்கள். மலையகத்தின் மேற்குச் சரிவான ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை பகுதிகளுக்கு வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். ஊவாப் பக்கமான பதுளை, பண்டாரவளைக்கு ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை. ஆகவே உங்கள் பக்கத்துக்குத் தை, மாசி மிகப் பொருத்தமானவை. இதே கேள்வியை ஊவாவிலிருந்து கேட்டிருந்தால் ஆவணியைச் சொல்லியிருப்பேன். நுவரெலியாப் பக்கம் சித்திரை வசந்தகாலக் கூட்டமும் கட்டண உயர்வும் இருப்பதால் அந்த மாதத்தைத் தவிர்ப்பது நல்லது. தையில் மூன்று விடயங்களைப் பார்க்க வேண்டும். மார்கழிப் பௌர்ணமிப் போயாவிலிருந்து வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் என்பதால் வார இறுதிகளில் ஹட்டன், நோர்வுட், மஸ்கெலியா வீதிகள் நிறைந்திருக்கும். தைப்பூசமும் போயாவும் சேர்ந்து வரும் நாட்களில் கோயிலும் கிடைக்காது, இறைச்சி விற்பனையும் இருக்காது. விடியற்காலை முகூர்த்தமானால் குளிர் கடுமையாக இருக்கும். மணப்பெண் பட்டுக்குள் ஒரு மெல்லிய கம்பளிச் சட்டை அணிந்துகொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அக்காலத்து மாப்பிள்ளைகள் வேட்டிக்கு மேல் கோட் போட்டுக்கொண்டதில் நாகரிகம் பாதி, குளிர் பாதி என்றே நான் நினைக்கிறேன். உங்கள் மாப்பிள்ளையும் அதையே அணியட்டும். கரை வேட்டி, சட்டை, திறந்த கோட், ஜரிகைத் தலைப்பாகை என்ற அந்தத் தோற்றம் வாடகை ஷெர்வானியைவிட எத்தனையோ மடங்கு நம்முடையது.

சேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கெடுவது பெரும்பாலும் இங்கேதான். அறுபது ஆண்டுகள் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அந்த மடிப்புக் கோட்டிலேயே இற்றுப்போயிருக்கும். பார்வைக்குப் பளபளப்பாக இருந்தாலும், கொசுவம் வைத்து இறுக்கும்போது பிளவுபடும். எனக்குத் தெரிந்த ஒரு திருமணத்தில் பாட்டியின் சேலையை எந்தச் சோதனையும் இல்லாமல் கட்டிவிட்டு, பெண் மணவறையில் உட்கார்ந்த கணத்தில் முழங்காலருகே ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்தது. அவள் அழுததை நான் இன்னும் மறக்கவில்லை. அந்தச் சேலையைத் தேர்ந்துகொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. ஆகவே இப்போதே அதை வெளியே எடுத்து, வெயில் படாத காற்றோட்டமான அறையில் சுத்தமான பருத்தித் துணியின் மேல் விரித்துவையுங்கள். மலைநாட்டு ஈரத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தால், வீட்டுக்கு வெளியே மென்மையான தூரிகையால் துடைக்கலாம். பாச்சை உருண்டை வாசனை போகச் சில நாட்கள் ஆகும். வாசனைத் திரவியம் தெளித்து மறைக்க முயல வேண்டாம், கறை படியும். ஜரிகை கறுத்திருந்தால் வருந்த வேண்டாம். உண்மை ஜரிகை என்பது பட்டு நூலில் சுற்றி முலாம் பூசிய வெள்ளிக் கம்பி. வெள்ளி கறுப்பது அதன் இயல்பு. புளி, எலுமிச்சை போன்றவற்றால் தேய்த்தால் ஜரிகையோடு பட்டும் போய்விடும். பட்டின் ஓர் ஓரத்தை இரண்டு விரல்களால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். இழை அசையாமல் தாங்கினால், பின்புறம் மெல்லிய வலைத்துணி கொடுத்துத் தைத்து, தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் கட்டிக்கொள்ளலாம். தாங்காவிட்டால் வெட்டி ரவிக்கை தைக்க வேண்டாம். முந்தானை மேலே தெரியும்படி மடித்து, மணப்பலகையின் மேல் விரித்து வையுங்கள். அல்லது தாலித் தட்டின் அடியில் இடுங்கள். உங்களுக்கென்று அதே நிறத்தில், அதே கரை அகலத்தில் புதிய பட்டு ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். 1960களின் சேலைக் கரை எளிமையானது. உடலில் நெருக்கமான கல் வேலைப்பாடு இருக்காது. ரவிக்கை முழங்கைக்குச் சற்று மேலே முடிந்தால் படத்தோடு ஒத்துப்போகும்.

நகையில் நான் நீண்ட நேரம் நிற்கப் போவதில்லை. தங்கம் விற்கும் விலையில் புதிதாக வாங்கிக் கடன்பட வேண்டாம். அம்மாயியின் தோடோ மூக்குத்தியோ அட்டியலோ எது மிஞ்சியிருக்கிறதோ அது போதும். பல வீடுகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. பிள்ளைகள் படிப்புக்கும் நோய்க்கும் அடகுக் கடைக்குப் போய்த் திரும்பாதவை அதிகம். அப்படியானால் மஞ்சள் கயிற்றில் தாலியும், கண்ணாடி வளையலும், தலை நிறையப் பூவும் அந்தக் காலத்தை முழுமையாகக் கொண்டுவரும்.

பூவைப் பற்றி ஒரு நடைமுறைச் செய்தி. உயரமான தோட்டங்களின் குளிரில் மல்லிகை நன்றாகப் பூக்காது. மாத்தளை, கண்டிப் பக்கத்திலிருந்தோ வடக்கிலிருந்தோ வர வேண்டும். ஆகவே சரத்துக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மற்ற அலங்காரத்துக்கு மல்லிகையைத் தேடி ஓட வேண்டாம். லயத்துக் காம்பராவின் முன்னால் நம் அம்மாக்கள் வளர்த்த டேலியா, சாமந்தி, ரோஜா, ஹைட்ரேஞ்சியா இவைதான் மலையகத்துக் கல்யாணப் பூக்கள். இவற்றை விலைக்கு வாங்குவதைவிட, தோட்டத்து வீடுகளில் சொல்லி வைத்தால் அன்று காலையில் ஆளுக்கொரு கை கொண்டு வந்து கொடுப்பார்கள். பந்தலுக்குத் தென்னோலையும் வாழைமரமும் கீழ்நாட்டிலிருந்துதான் வரும். மூங்கிலும் சைப்ரஸ் தழையும் மேலேயே கிடைக்கும். குறுக்கே வண்ணக் கடதாசிக் கொடிகளைக் கட்டுங்கள். குழந்தைகளைக் கூட்டிவைத்து ஒட்டவிட்டால் இரண்டு மாலைகளில் முடிந்துவிடும். பெட்ரோமாக்ஸ் விளக்குகளைக் காட்சிக்கு வைக்கலாம், ஆனால் கடதாசிக் கொடிக்குக் கீழே ஏற்ற வேண்டாம். வாசலில் கோலமும் நிறைகுடமும் குத்துவிளக்கும் இருந்தால் போதும். கொழுந்துக் கூடையை அலங்காரப் பொருளாக வரிசையாகத் தொங்கவிடும் வழக்கம் இப்போது வந்திருக்கிறது. அம்மாயி தோளில் சுமந்த அதே கூடை வீட்டில் இருந்தால், அதை அவர் சொல்லும் இடத்தில் வையுங்கள். புதிதாக வாங்கிய கூடைகளை முப்பது வைத்தால் அது ஹோட்டல் வரவேற்பறை ஆகிவிடும். அதேபோல, கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் பெண்களைப் பின்னணியாக நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம் என்று உங்களிடம் மன்றாடிக் கேட்கிறேன். அவர்கள் உங்கள் சித்திகளும் அத்தைகளும். பறித்த கொழுந்தை நிறை போட்டு முடித்துவிட்டு வந்து பந்தியில் உட்காரட்டும், அங்கே அவர்களோடு சேர்ந்து படம் எடுங்கள்.

இசையில் தயவு செய்து சிக்கனம் வேண்டாம். நாதஸ்வரமும் தவிலும் தைமாத முகூர்த்த நாட்களில் கிடைப்பது அரிது. இணுவில், அளவெட்டிப் பக்கத்துக் கலைஞர்களை அழைப்பதானால் பயணத்தையும் தங்குமிடத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, இப்போதே முற்பணம் கொடுத்துவிடுங்கள். மலையகத்திலும் நல்ல குழுக்கள் இருக்கின்றன; முதலில் அவர்களைக் கேளுங்கள். மாப்பிள்ளை அழைப்புக்குத் தப்பு மேளம் வேண்டும். பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பதற்கு) ஆள் கூப்பிட்டதும் திருவிழாவுக்கு ஊரைக் கூட்டியதும் தப்புதான். மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தின் உயிரும் அதுதான். ஆனால் அக்காலத்தில் அதை அடித்தவர்களைச் சாதியின் பெயரால் கட்டாயப்படுத்தினார்கள், பந்திக்கு வெளியே நிறுத்தினார்கள். தப்பை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த நடைமுறையை அடியோடு விட்டுவிட வேண்டும். தப்பிசைக் குழுவினரின் பெயர்களை அழைப்பிதழில் நாதஸ்வரக் கலைஞர்களின் பெயர்களுக்குப் பக்கத்தில், அதே எழுத்தளவில் அச்சிடுங்கள். பேசிய தொகையை வாசிப்புக்கு முன்பே கொடுங்கள். முதல் பந்தியில் உட்கார வையுங்கள். கூம்பு ஒலிபெருக்கியில் பழைய பாட்டுகளை ஓடவிட ஆசைப்படுவீர்கள், அது அந்தக் காலத்தின் அடையாளமே. அதற்குப் பொலிஸ் அனுமதி வேண்டும் என்பதையும், தோட்டத்தில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சாப்பாடு வாழையிலைப் பந்தியாகவே இருக்கட்டும். மலைக்காற்றில் வாழை இலை கிழிந்துபோகும் என்பதால், கம்பளை, மாத்தளைப் பக்கத்திலிருந்து முதல் நாள் மாலையில் வரவழைத்து, ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். இருநூறு பேருக்கு 250 இலைகள் வாங்குங்கள். முகூர்த்த விருந்து சைவம்: சோறு, பருப்பு, சாம்பார், இரண்டு கறி, அப்பளம், வடை, ரசம், பாயசம். இதற்கு மேல் பதினாறு வகை சேர்ப்பது அந்தக் காலத்துத் தோட்டக் கல்யாணத்தில் இல்லாதது; வீணாகவும் போகும். ஆட்டுக்கறியை மறுநாள் விருந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் ரொட்டியும் இடித்த சம்பலும், வந்து தங்கியிருக்கும் உறவினருக்கு விடியற்காலையில் கொடுத்தால், பெரியவர்கள் அதைத்தான் நெடுநாள் பேசுவார்கள். தேநீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்காலத்தில் தோட்டத்து மக்கள் குடித்தது ஏற்றுமதிக்குப் போன முதல்தர இலை அன்று, தூள் சாயம்தான். உங்கள் கல்யாணத்திலாவது அவர்களுக்கு அந்தப் பகுதியில் விளைந்த நல்ல தேயிலையில், பித்தளைக் கெண்டியிலிருந்து சூடாக ஊற்றிக் கொடுங்கள்.

உங்கள் இருவரில் ஒருவர் வீடு கத்தோலிக்கமாக இருந்தால், கோயிலுக்குப் பதில் தேவாலயமும், பட்டுக்குப் பதில் வெள்ளைச் சேலையும் தலையில் அணியும் நெட்டும் வரும். கடதாசியில் சுற்றிக் கொடுக்கும் கேக் துண்டை மறக்க வேண்டாம். மற்ற எல்லாம் அதேதான்.

வாகனத்துக்கு மொரிஸ் மைனரோ ஒஸ்டின் ஏ-40யோ கேட்பீர்கள். இலங்கையில் அவற்றை ஆசையோடு பராமரிப்பவர்கள் இருக்கிறார்கள், வாடகைக்கும் கிடைக்கும். ஆனால் பழைய எஞ்சினுக்கு மலை வளைவுகளில் நீண்ட ஏற்றம் ஆகாது; தண்ணீர் கொதித்து வழியில் நின்றுவிடும். கோயிலிலிருந்து பங்களாவுக்கு இரண்டு மூன்று கிலோமீற்றர் மட்டும் அதில் போய், கொழும்பிலிருந்து வரும் பயணத்துக்குப் புதிய வாகனத்தை வைத்துக்கொள்ளுங்கள். சாரதி அந்தப் பாதையை ஒரு முறை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

படப்பிடிப்பில் நான் சொல்வதைப் பலர் ஏற்பதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அக்காலத்துப் புகைப்படக்காரர் கையில் இருந்த 120 ரோல் பிலிமில் பன்னிரண்டு சதுரப் படங்கள்தான் எடுக்க முடியும். அதனால் அவர் ஒவ்வொரு படத்துக்கும் ஆட்களை நிறுத்தி, தலைப்பைச் சரிசெய்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி எடுத்தார். அந்தப் படங்களில் தெரியும் கம்பீரம் அந்த நிதானத்திலிருந்து வந்தது. படத்துக்கு மஞ்சள் நிறம் ஏற்றினால் அது வராது. உங்கள் புகைப்படக்காரர் எத்தனை ஆயிரம் வேண்டுமானாலும் எடுக்கட்டும். ஆனால் இருபத்துநான்கு படங்களை மட்டும் முன்கூட்டியே தீர்மானித்து, வரிசையாக நிறுத்தி, கறுப்பு வெள்ளையில் எடுத்து, தாளில் அச்சிட்டு ஆல்பத்தில் வையுங்கள். முதலாவது படம் அம்மாயியின் கல்யாணப் படம் எடுத்த அதே இடத்தில், அதே நிற்கும் வரிசையில் அமையட்டும். தாத்தா நின்ற இடத்தில் மாப்பிள்ளை நிற்பார்.

திருமணப் பதிவை அலட்சியம் செய்ய வேண்டாம். பதிவாளருக்கு முன்கூட்டியே அறிவித்தல் கொடுத்து, அவரைக் கோயிலுக்கோ மண்டபத்துக்கோ வரவழைக்கலாம். பழைய தலைமுறையில் பலர் தாலியோடு நிறுத்திக்கொண்டு, பின்னர் குடியுரிமை மனுவுக்குச் சான்றிதழ் இல்லாமல் அலைந்தார்கள்.

செலவுக்கு வருகிறேன். ஆட்களைத் திரட்டி மேற்பார்த்த கங்காணியிடம் கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கி, அதை அடைக்கவே ஆண்டுக்கணக்கில் உழைத்த குடும்பங்கள் நம் வரலாற்றில் ஏராளம். கடனோடு ஆளையே தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய துண்டு (கடன் சீட்டு) முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. ஆகவே கையில் உள்ள தொகையை முதலில் எழுதி, அதில் சாப்பாட்டுக்கும் இசைக்கும் உரியதை எடுத்துவையுங்கள், பிறகு படப்பிடிப்பும் அச்சும், மிஞ்சியதில் உடையும் வாகனமும், அலங்காரம் கடைசி. பங்களா வாடகை இந்த வரிசையைக் குலைக்குமானால் பங்களாவை விட்டுவிடுங்கள். சீதனம் என்ற பேச்சு எந்த வடிவில் வந்தாலும், ‘பழைய வழக்கம்’ என்ற பெயரில் அதற்கு இடம் கொடுக்க வேண்டாம்.

கணவரை இழந்தவர் என்பதால் அம்மாயி மணவறைப் பக்கம் வரத் தயங்குவார். 1967இல் அவரைப் போன்றவர்களைத் தூணுக்குப் பின்னால் நிறுத்தியிருப்பார்கள். நீங்கள் இப்போதே, உறவினர் எல்லோரும் இருக்கும்போது, முதல் அட்சதை அவர் கையால்தான் விழ வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஐயருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கல்யாணத்தன்று பேச்சு எழாமலிருக்க இதுவே வழி.

இறுதியாக அந்த மொய் நோட்டு. அதில் பெயர், தோட்டம், தொகை என்று எழுதியிருக்கும்: இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய், ஒரு தேங்காய், ஒரு சேலை. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, அம்மாயியோடு உட்கார்ந்து ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இன்று அந்தக் குடும்பம் எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். சிலர் பக்கத்துத் தோட்டத்தில் இருப்பார்கள். சிலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயிருப்பார்கள். ஒப்பந்தப்படி கடல் தாண்டிப் போனவர்கள் கூடலூரிலோ கோத்தகிரியிலோ இருக்கக்கூடும். அவர்களைப் போன்றவர்களுக்காகத் தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் 1968இல் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. உங்கள் விருந்தினர் பட்டியலின் முதற்பக்கம் இந்த நோட்டிலிருந்தே வரட்டும். முகவரி கிடைத்தவர்களுக்கு, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய அழைப்பிதழோடு, அவர்கள் வீட்டுப் பெரியவர் பெயர் எழுதிய பக்கத்தின் படியொன்றையும் தபாலில் அனுப்புங்கள். கடவுச்சீட்டும் விசாவும் எடுக்க அவர்களுக்கு நேரம் வேண்டும், ஆகவே புரட்டாசி முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.